கிரிப்டோ ஏர்டிராப்: ‘இலவச’ டோக்கனுக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

2020 செப்டம்பரில் யுனிஸ்வாப் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளம், தன்னை ஒரே ஒரு முறை பயன்படுத்திய வாலட்டுகளுக்குக்கூட தலா 400 டோக்கன் கொடுத்தது. அன்றைய விலையில் சுமார் 1,200 டாலர். நம்ம ஊர் பணத்தில் கிட்டத்தட்ட 88 ஆயிரம் ரூபாய்.

2024 செப்டம்பரில் ஹாம்ஸ்டர் கோம்பாட் என்ற டெலிகிராம் விளையாட்டும் டோக்கன் கொடுத்தது. மாதக்கணக்கில் செல்போன் திரையைத் தட்டிக்கொண்டிருந்த சுமார் 13 கோடி பேருக்கு, மொத்தம் சுமார் 6,000 கோடி டோக்கன். ஒரு டோக்கன் விலை ஏறக்குறைய ஒரு சென்ட். வகுத்துப் பார்த்தால் ஒருவருக்குச் சராசரியாக 400 ரூபாய்கூட வரவில்லை.

இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான்: ஏர்டிராப். ஒன்றில் எதையும் எதிர்பார்க்காதவர்களுக்கு ஒரு மாதச் சம்பளம் அளவுக்குப் பணம் வந்தது. இன்னொன்றில் எதிர்பார்த்து உழைத்தவர்களுக்கு ஒரு பிரியாணி காசு வந்தது. இந்த நாலு வருஷத்தில் என்ன மாறியது? ‘ஃப்ரீ டோக்கன், கிளெய்ம் பண்ணுங்க’ என்று உங்கள் போனுக்கும் ஒரு லிங்க் வந்தால் எதையெல்லாம் கணக்குப் போட வேண்டும்? விரிவாகப் பார்ப்போம்.

ஏர்டிராப் என்றால் என்ன?

ஒரு கிரிப்டோ திட்டம், தான் உருவாக்கிய டோக்கன்களில் ஒரு பகுதியை விலை வாங்காமல் பலருடைய வாலட்டுக்கு விநியோகிப்பதுதான் ஏர்டிராப். விமானத்திலிருந்து உணவுப் பொட்டலம் போடுவதைக் குறிக்கும் சொல்தான் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

இதற்கு நெருக்கமான ஓர் இந்திய உதாரணம் உண்டு. 2017-இல் கூகுள் ‘தேஸ்’ ஆப் வந்தபோது, பணம் அனுப்பினால் ஸ்கிராட்ச் கார்டு கிடைத்தது ஞாபகம் இருக்கிறதா? ஆளைச் சேர்க்க நிறுவனம் செய்த செலவு அது. ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம். ஸ்கிராட்ச் கார்டில் வந்தது ரூபாய். ஏர்டிராப்பில் வருவது அந்தத் திட்டமே அச்சடித்த டோக்கன். அதை வாங்கிக்கொள்ள சந்தையில் இன்னொருவர் தயாராக இருந்தால்தான் அதற்கு விலை.

எப்படி நடக்கிறது?

மூன்று கட்டங்கள்.

முதலாவது, ஸ்னாப்ஷாட். வாக்காளர் பட்டியலுக்கு ‘தகுதி நாள்’ என்று ஒன்று இருக்கும் இல்லையா, அதே மாதிரி. குறிப்பிட்ட ஒரு தேதியில் பிளாக்செயினில் எந்தெந்த வாலட் முகவரி என்னென்ன செய்திருந்தது என்று பதிவை எடுத்துக்கொள்வார்கள். யுனிஸ்வாப்புக்கு அந்தத் தேதி 2020 செப்டம்பர் 1. அதற்கு மறுநாள் முதன்முதலாக வந்தவருக்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது, தகுதி விதி. ஆர்பிட்ரம் என்ற பிளாக்செயின் 2023 மார்ச்சில் கொடுத்த ஏர்டிராப்பில் மதிப்பெண் முறை இருந்தது. எத்தனை மாதங்களில் பரிவர்த்தனை செய்தீர்கள், மொத்த மதிப்பு 10 ஆயிரம் டாலரைத் தாண்டியதா என்பது போன்ற கேள்விகளுக்கு மார்க். குறைந்தது 3 மார்க் எடுத்தால்தான் பட்டியலில் பெயர். மார்க்கைப் பொறுத்து 625 முதல் 10,250 டோக்கன் வரை. 6.25 லட்சம் வாலட்டுகள் தகுதி பெற்றன.

மூன்றாவது, கிளெய்ம். பெரும்பாலான ஏர்டிராப்களில் டோக்கன் தானாக வந்து விழாது. லட்சக்கணக்கான முகவரிகளுக்கு அனுப்பினால் ஒவ்வொன்றுக்கும் பிளாக்செயின் கட்டணம் கட்ட வேண்டும். அதனால் தகுதிப் பட்டியலை ஒரு ஸ்மார்ட் கான்ட்ராக்டில் பூட்டிவிட்டு, ‘வந்து எடுத்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிடுவார்கள். நீங்கள் தளத்துக்குப் போய், வாலட்டை இணைத்து, கையொப்பமிட்டு எடுக்க வேண்டும். அந்தக் கட்டணம் உங்கள் பையிலிருந்து போகும். மோசடிகள் நுழைவதும் இந்த மூன்றாவது கட்டத்தில்தான். அதற்குப் பிறகு வருவோம்.

ஏன் சும்மா கொடுக்கிறார்கள்?

சும்மா கொடுக்கவில்லை என்பதுதான் பதில்.

யுனிஸ்வாப்பையே எடுத்துக்கொள்வோம். 2020 ஆகஸ்ட் கடைசியில் அதன் நிரலை அப்படியே நகலெடுத்து சுஷிஸ்வாப் என்ற போட்டித் தளம் வந்தது. ‘எங்களிடம் வந்தால் டோக்கன் தருகிறோம்’ என்று யுனிஸ்வாப்பில் பணம் போட்டு வைத்திருந்தவர்களை இழுத்தது. சில வாரங்களில் யுனிஸ்வாப் தன் டோக்கனைக் கொண்டுவந்தது. மொத்தம் 100 கோடியில் 15 சதவீதம் பழைய பயனாளர்களுக்கு ஒதுக்கப்பட்டது. வாடிக்கையாளரைத் தக்கவைக்கும் செலவு என்றும் இதைப் படிக்கலாம்.

இன்னொரு காரணம், நிர்வாகம். இந்த டோக்கன்களில் பல, திட்டத்தின் முடிவுகளில் வாக்களிக்கும் உரிமை தருபவை. பல்லாயிரம் பேர் கையில் டோக்கன் இருந்தால் ‘இது யாருடைய தனிச் சொத்தும் அல்ல’ என்று சொல்லிக்கொள்ள முடியும்.

ஆனால் எண்களையும் பார்க்க வேண்டும். ஆர்பிட்ரம் முதலில் அறிவித்த பங்கீட்டில் பயனாளர்களுக்குக் கிடைத்தது 11.62 சதவீதம். குழுவுக்கும் ஆலோசகர்களுக்கும் 26.94 சதவீதம், முதலீட்டாளர்களுக்கு 17.53 சதவீதம். அதாவது கட்டியவர்களுக்கும் காசு போட்டவர்களுக்கும் சேர்த்து 44 சதவீதத்துக்கு மேல். அவர்களுடைய பங்கு உடனே விற்க முடியாதபடி பூட்டப்பட்டிருந்தது உண்மைதான். ஆனால் உங்கள் கையில் இருக்கும் டோக்கனுக்கு ஒரு சந்தை உருவானால், அவர்களுடைய டோக்கனுக்கும் அதே சந்தைதான். ஏர்டிராப் அந்தச் சந்தையைத் திறந்துவைக்கும் நிகழ்ச்சி.

எத்தனை வகை?

பெயர்கள் நிறைய இருக்கின்றன. உங்களிடமிருந்து என்ன வாங்கிக்கொள்கிறார்கள் என்பதை வைத்துப் பிரித்தால் புரிந்துகொள்வது சுலபம்.

*கடந்த காலப் பயன்பாட்டுக்கு:* யுனிஸ்வாப், ஆர்பிட்ரம் ரகம். நீங்கள் ஏற்கெனவே செய்த பரிவர்த்தனைகளுக்குப் பின்னாளில் வரும் பரிசு. இணைய முகவரி போல வாலட்டுக்குப் பெயர் தரும் இ.என்.எஸ். சேவையும் 2021 நவம்பரில் தன் 10 கோடி டோக்கன்களில் 25 சதவீதத்தைப் பெயர் வாங்கியவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது.

*வைத்திருப்பதற்கு:* ஒரு நாணயத்தை வைத்திருந்தாலே இன்னொன்று கிடைக்கும். 2017 ஆகஸ்ட் 1 அன்று பிட்காயின் பிளாக்செயின் பிரிந்தபோது, ஒரு பிட்காயின் வைத்திருந்தவருக்கு ஒரு பிட்காயின் கேஷ் கிடைத்தது. கண்டிப்பாகச் சொன்னால் இது ‘ஃபோர்க்’. ஆனால் கையில் கிடைக்கும் பலன் ஏர்டிராப் மாதிரியேதான்.

*அடையாளத்துக்கு:* 2014 மார்ச்சில் ஐஸ்லாந்தில் ஆரோராகாயின் என்ற நாணயத்தை, தேசிய அடையாள எண்ணைக் காட்டும் ஒவ்வொரு குடிமகனுக்கும் 31.8 காயின் என்ற கணக்கில் கொடுக்கத் தொடங்கினார்கள். மக்கள்தொகை சுமார் 3.3 லட்சம்தான். வாங்கியவர்கள் விற்க ஓடினார்கள். கடைகளில் அதை வைத்து வாங்குவதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. விலை சரிந்தது. எல்லோருக்கும் கொடுத்துவிட்டால் நாணயம் ஆகிவிடாது என்பதற்கு ஆரம்பகால உதாரணம் இது.

*வேலைக்கு:* எக்ஸ் தளத்தில் ஃபாலோ பண்ணு, டெலிகிராமில் சேர், பத்துப் பேரைக் கூட்டி வா, திரையைத் தட்டு. ஹாம்ஸ்டர் கோம்பாட் இந்த ரகம். இதிலேயே அடுத்த படி, ‘பாயின்ட்ஸ்’. இப்போதைக்குப் புள்ளிகள், பின்னால் டோக்கன் வரலாம். எத்தனை புள்ளிக்கு எத்தனை டோக்கன் என்று பெரும்பாலும் கடைசிவரை சொல்ல மாட்டார்கள். சம்பளம் எவ்வளவு என்று தெரியாமல் வேலைக்குச் சேர்வது மாதிரி.

*கேட்காமலே வருவது:* இதன் மிகப் பிரபலமான கதையில் இந்தியாவுக்கும் ஓர் இடம் உண்டு. ஷிபா இனு டோக்கனை உருவாக்கியவர்கள் விளம்பரத்துக்காக மொத்த டோக்கனில் பாதியை எத்தீரியம் இணை நிறுவனர் விட்டாலிக் புடெரினின் வாலட்டுக்கு அனுப்பினார்கள். அவர் கேட்கவே இல்லை. 2021 மே மாதம், கோவிட் இரண்டாம் அலையின் உச்சத்தில், அதிலிருந்து சுமார் 50 லட்சம் கோடி டோக்கன்களை இந்தியாவின் கிரிப்டோ கோவிட் நிவாரண நிதிக்கு அனுப்பிவிட்டார். பாலிகன் இணை நிறுவனர் சந்தீப் நெய்ல்வால் தொடங்கிய நிதி அது. அன்றைய விலையில் மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். செய்தி வெளியானதும் டோக்கன் விலை சரிந்தது. நிதியை நடத்தியவர்கள் சந்தை குலையாதபடி கொஞ்சம் கொஞ்சமாக விற்க வேண்டியிருந்தது. கைக்கு வந்த தொகை, திரையில் தெரிந்த தொகையைவிட மிகக் குறைவு. என்றாலும் நிவாரணத்துக்கு அது பெரிய பணம்தான்.

ஒருவரே நூறு பேர் ஆனால்?

யுனிஸ்வாப்பில் யாரும் எதிர்பார்க்கவில்லை என்று சொன்னோம். அதற்குப் பிறகு எல்லோரும் எதிர்பார்க்க ஆரம்பித்தார்கள். டோக்கன் இன்னும் வெளியிடாத திட்டங்களைத் தேடிப் பிடித்து, அங்கே தேவையே இல்லாத பரிவர்த்தனைகளைச் செய்துவைப்பது ஒரு தொழிலாகவே மாறியது. இதற்குப் பெயர் ‘ஏர்டிராப் ஃபார்மிங்’.

வாலட் தொடங்க ஆதார் வேண்டாம், பான் வேண்டாம். ஒருவர் நூறு வாலட் வைத்துக்கொள்ளலாம். ஆயிரமும் வைத்துக்கொள்ளலாம். கணினி அறிவியலில் இதை ‘சிபில் தாக்குதல்’ என்கிறார்கள். கள்ள ஓட்டு மாதிரிதான். வாக்காளர் அட்டைக்குப் பதில் வாலட் முகவரி.

2024-இல் லேயர்ஸீரோ என்ற திட்டம் இதற்கு ஒரு விநோத வழி கண்டுபிடித்தது. ‘நான் பல வாலட் வைத்து ஏமாற்றினேன் என்று நீங்களே ஒப்புக்கொண்டால், கிடைக்க வேண்டியதில் 15 சதவீதம் தருவோம். ஒப்புக்கொள்ளாமல் மாட்டினால் ஒன்றும் கிடையாது’ என்றது. 8 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகள் சந்தேகப் பட்டியலில் வந்தன. அதோடு நிற்கவில்லை. கிளெய்ம் செய்பவர்கள் ஒரு டோக்கனுக்கு 10 சென்ட் நன்கொடை கட்ட வேண்டும் என்றும் விதி வைத்தார்கள். இலவச டோக்கனுக்குக் காசு!

ஹாம்ஸ்டர் கோம்பாட்டும் ஏமாற்றியதாகச் சொல்லி 23 லட்சம் கணக்குகளை நீக்கியது. இந்த வடிகட்டலில் நியாயமான பயனாளர்களும் அடிபடலாம். மேல்முறையீடு செய்ய நுகர்வோர் நீதிமன்றம் எதுவும் அங்கே இல்லை. விதியை எழுதுவதும் தீர்ப்புச் சொல்வதும் அதே திட்டம்தான்.

முன்னால் கேட்ட கேள்விக்கு இதுதான் விடை. பரிசு வரும் என்று எல்லோருக்கும் தெரிந்தவுடன் பங்கு கேட்பவர்கள் பெருகினார்கள். ஒருவருக்கான பங்கு சுருங்கியது. செய்ய வேண்டிய வேலை மட்டும் கூடியது.

திரையில் தெரியும் தொகை கைக்கு வருமா?

லட்சக்கணக்கானவர்களுக்கு ஒரே நாளில் ஒரே டோக்கன் கிடைக்கிறது. அவர்களில் பலர் அன்றே விற்க நினைக்கிறார்கள். வாங்குபவர்கள் அந்த அளவுக்கு இல்லையென்றால் விலை இறங்கும். அடுத்த மாதங்களில் குழு, முதலீட்டாளர்களின் பூட்டு திறக்கும்போது இன்னும் டோக்கன் சந்தைக்கு வரும்.

யுனிஸ்வாப் டோக்கன் 3 டாலரில் தொடங்கி 2021 மே மாதம் 40 டாலரைத் தாண்டியது. பிடித்து வைத்திருந்தவருக்கு 400 டோக்கன் 16 ஆயிரம் டாலருக்கு மேல். அடுத்த ஆண்டு ஜூனில் அதே டோக்கன் 5 டாலருக்கும் கீழே. ஆர்பிட்ரம் டோக்கன் வெளியான நாளில் ஒரு டாலருக்கு மேல் விற்றது; 2025 ஏப்ரலில் அரை டாலருக்கும் கீழே. ‘இவ்வளவு லட்சம் மதிப்புள்ள ஏர்டிராப்’ என்று யாராவது சொன்னால், எந்த நாளின் விலையில் என்று கேளுங்கள்.

இந்தியாவில் வரி: நஷ்டத்திலும் வரி வருமா?

வரலாம். நம்மில் பலரும் கவனிக்காமல் விடும் பகுதி இதுதான்.

கிரிப்டோ இந்தியாவில் சட்டப்பூர்வ நாணயம் அல்ல. அதேசமயம் வைத்திருக்கத் தடையும் இல்லை. வரிச் சட்டம் இதை ‘மெய்நிகர் டிஜிட்டல் சொத்து’ என்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் இதை விற்று வரும் லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் கழிக்க முடியாது. கிளெய்ம் செய்யக் கட்டிய பிளாக்செயின் கட்டணம், அதற்காக வாங்கிய லேப்டாப், எதுவும் செல்லாது. ஒரு டோக்கனில் வந்த நஷ்டத்தை இன்னொரு டோக்கன் லாபத்தில்கூடக் கழிக்க முடியாது. அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. இவை தவிர, விற்பனையின்போது 1 சதவீத டி.டி.எஸ். 2022 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது.

ஏர்டிராப்புக்கு என்று தனிப் பிரிவு சட்டத்தில் இல்லை. ஆனால் பிரதிபலன் இல்லாமல் கிடைக்கும் சொத்துகளின் பட்டியலில் கிரிப்டோவும் 2022-இல் சேர்க்கப்பட்டது. இப்படிக் கிடைத்தவற்றின் சந்தை மதிப்பு ஓர் ஆண்டில் 50 ஆயிரம் ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் ‘பிற வருமானம்’. கிடைத்த ஆண்டிலேயே உங்கள் வரி அடுக்குப்படி வரி. பின்னால் விற்கும்போது, ஏற்கெனவே வரி கட்டிய மதிப்பு வாங்கிய விலையாகக் கருதப்பட்டு, அதற்கு மேல் வரும் லாபத்துக்கு 30 சதவீதம். பரவலாகப் பின்பற்றப்படும் வாசிப்பு இது. விற்கும்போது மட்டும் வரி போதும் என்ற வாதமும் உண்டு.

முதல் வாசிப்பின்படி ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

உங்களுக்கு 1,000 டோக்கன் கிடைக்கிறது. அன்றைய விலை 100 ரூபாய். மதிப்பு 1 லட்சம். நீங்கள் 20 சதவீத அடுக்கில் இருந்தால் வரியும் செஸ்ஸும் சேர்த்து 20,800 ரூபாய். ‘இன்னும் ஏறும்’ என்று காத்திருக்கிறீர்கள். விலை 20 ரூபாய்க்கு வருகிறது. மனசு வெறுத்து விற்றால் கிடைப்பது 20,000 ரூபாய். 80 ஆயிரம் நஷ்டத்தை எங்கேயும் காட்டிக் கழிக்க முடியாது. ஆக, இலவசமாக வந்த ஒன்றுக்கு நீங்கள் கையிலிருந்து 800 ரூபாய் போட்டிருக்கிறீர்கள். 30 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு வரி 31,200. கையிலிருந்து போவது 11,200 ரூபாய்.

50 ஆயிரத்துக்குள் இருந்தால்? கிடைத்தபோது வரி இல்லை. ஆனால் வாங்கிய விலை பூஜ்யம் என்பதால், விற்கும் முழுத் தொகைக்கும் 30 சதவீதம்.

வருமான வரிப் படிவங்களில் இதற்கென்று தனி அட்டவணை இருக்கிறது. இந்தியாவில் இயங்கும் எக்ஸ்சேஞ்சுகள் 2023 மார்ச் முதல் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. ‘வெளியே தெரியாது’ என்ற நம்பிக்கையில் விட்டுவிடுவது புத்திசாலித்தனம் இல்லை. தொகை பெரிதாக இருந்தால் கிரிப்டோ கணக்குப் பார்த்த ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மோசடி எங்கே நுழைகிறது?

உண்மையான ஏர்டிராப்பிலும் அறிமுகமில்லாத தளத்தில் வாலட்டை இணைத்து, அவசரமாகக் கையொப்பமிட வேண்டியிருக்கிறது. மோசடிக்காரர்கள் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. அதே நடைமுறையை நகலெடுத்தால் போதும்.

2022 ஜூலையில் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாலட்டுகளுக்கு யுனிஸ்வாப் பெயரில் போலி டோக்கன் வந்து விழுந்தது. அதன் பின்னால் போய் ‘பரிசு’ கேட்டவர்கள் ஒரு போலித் தளத்தில் கையொப்பமிட்டார்கள். அந்தக் கையொப்பம், அவர்களுடைய உண்மையான சொத்தை எடுத்துக்கொள்ளும் அனுமதி. சுமார் 80 லட்சம் டாலர் போனது. யுனிஸ்வாப் தளம் உடைக்கப்படவில்லை. உரிமையாளர்களே சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

பொதுவாக மூன்று வடிவங்களில் வரும்:

• சீட் ஃபிரேஸ் எனப்படும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களைக் கேட்பது. எந்த உண்மையான ஏர்டிராப்புக்கும் இது தேவைப்படாது. கேட்டாலே மோசடிதான்.

• டோக்கனைப் பெறுவது போலக் காட்டி, உங்கள் மற்ற டோக்கன்களைச் செலவழிக்க ‘அப்ரூவல்’ வாங்குவது. சொத்துக்குப் பவர் ஆஃப் அட்டர்னி எழுதிக் கொடுப்பதற்குச் சமம்.

• ‘உங்கள் டோக்கனை விடுவிக்க முதலில் வரி கட்டுங்கள், டெபாசிட் போடுங்கள்’ என்று யு.பி.ஐ.-யில் பணம் கேட்பது. வருமான வரி அரசுக்குத்தான் கட்டுவோம், டெலிகிராம் அட்மினுக்கு இல்லை.

கிளெய்ம் செய்வதற்கு முன்

லிங்க்கை டெலிகிராம் குழுவிலிருந்தோ தேடல் விளம்பரத்திலிருந்தோ எடுக்காதீர்கள். திட்டத்தின் அதிகாரப்பூர்வத் தளத்துக்கு நீங்களே போங்கள். சேமிப்பு வைத்திருக்கும் வாலட்டை இணைக்காமல், ஏர்டிராப்புக்கென்று தனி வாலட் வைத்துக்கொள்ளுங்கள்; அங்கே போனாலும் போவது கொஞ்சம்தான். கையொப்பமிடும் திரையில் ‘அப்ரூவ்’, ‘பெர்மிட்’ என்று வந்தால் நிறுத்திப் படியுங்கள். கேட்காமலே வந்து விழுந்த டோக்கனை விற்கப் போகாதீர்கள். அப்படியே கிடக்கட்டும்.

கிளெய்ம் செய்தால், அன்றைய தேதி, நேரம், ரூபாய் மதிப்பு மூன்றையும் ஸ்கிரீன்ஷாட்டோடு குறித்து வையுங்கள். மதிப்பு 50 ஆயிரத்தைத் தாண்டினால், வரிக்கான தொகை அளவுக்காவது அன்றே விற்று ரூபாயாக எடுத்துவைக்கலாமா என்று யோசியுங்கள். மேலே போட்ட கணக்கில் கைக்காசு போனதற்குக் காரணம், வரி அன்றைய விலையில் நின்றுவிட்டது. டோக்கன் மட்டும் இறங்கிப்போனது.

மோசடி என்று தெரிந்தால், கொடுத்த அனுமதிகளை உடனே ரத்து செய்து, மீதம் இருப்பதைப் புதிய வாலட்டுக்கு மாற்றுங்கள். மீட்புச் சொற்களையே கொடுத்திருந்தால் அனுமதி ரத்து உதவாது. வாலட்டை மாற்றுவது ஒன்றுதான் வழி. பிறகு 1930 என்ற எண்ணில் அழைத்து, தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் பதிவு செய்யுங்கள். பிளாக்செயினில் போன பணத்தைத் திரும்ப வாங்குவது கஷ்டம். ஆனால் அது ஏதாவது எக்ஸ்சேஞ்சுக்குள் வந்தால் முடக்க வாய்ப்பு இருக்கிறது. அதற்குப் புகார் சீக்கிரம் போக வேண்டும்.